பேட் பூன்: வெள்ளை ஷூ பாடகர் நடிகரான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களின் பிற்பாதியில் அமெரிக்க வானொலியைத் திருப்பினால் இரண்டு குரல்கள் மாறி மாறி வரும். ஒன்று எல்விஸ் பிரெஸ்லி. இன்னொன்று பேட் பூன். முதல் பெயரை இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டால் பலரும் "யார் அவர்?" என்றுதான் கேட்கிறார்கள். பழைய ஆங்கிலப் பாட்டுக் கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பேட் பூன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இயற்பெயர் சார்லஸ் யூஜின் பூன். 1934 ஜூன் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் வளர்ந்தவர். பத்தொன்பது வயதில், 1953இல், 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் நட்சத்திரம் ரெட் ஃபோலியின் மகள் ஷர்லியை மணந்தார். 1955 முதல் 1962 வரை வரிசையாக ஹிட் பாடல்கள். 1957 முதல் சினிமா. அதே ஆண்டில் சொந்தப் பெயரில் வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. சாமி கும்பிடுகிற, சிகரெட் பிடிக்காத, மனைவி மக்களோடு வாழ்கிற நல்ல பிள்ளை என்பதுதான் அவரது அடையாளம். அவரை உயரத்துக்குக் கொண்டுபோனதும் அதுதான், பிறகு நகரவிடாமல் பிடித்துக்கொண்டதும் அதுதான் என்பது என் கட்சி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'பேட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பெண் குழந்தை பிறக்கும், பாட்ரிசியா என்று வைக்கலாம் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். பிறந்தது பையன். செல்லப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பாட்டுத் துறைக்கு எப்படி வந்தார்?

டெட் மாக், ஆர்தர் காட்ஃப்ரே என்று அந்தக் காலத்தில் நாடறிந்த இரண்டு திறமைப் போட்டி நிகழ்ச்சிகள் இருந்தன. இரண்டிலும் ஜெயித்தார். ஆனால் அவர் வாழ்க்கையை மாற்றியவர் ராண்டி வுட் என்ற கடைக்காரர்.

நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் கேலட்டின் என்ற சிற்றூரில் வுட்டுக்கு ஒரு கடை. இசைத்தட்டுகளைத் தபாலில் அனுப்பி விற்பதுதான் முக்கிய வியாபாரம். நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலி ராத்திரி நேரத்தில் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களை ஒலிபரப்பும். அதற்கு விளம்பரம் கொடுத்தவர்களில் வுட்டும் ஒருவர். ஐம்பதாயிரம் வாட் நிலையம், பல மாநிலங்களில் கேட்கும். மறுநாள் தபாலில் ஆர்டர்கள் குவியும். ஆக, எந்தப் பாட்டு ஓடுகிறது, யார் வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தபால் பையைப் பிரித்தாலே தெரிந்துவிடும். 1950இல் டாட் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கறுப்பினச் சந்தையில் ஓடிய பாட்டை வெள்ளையினப் பாடகரை வைத்துப் பாடவைத்து, பெரிய சந்தையில் விற்பது அவர் கையாண்ட முறைகளில் ஒன்று.

1955இல் பூன் அங்கே சேர்ந்தார். மெல்லிய காதல் பாட்டு கிடைக்கும் என்று போனவருக்கு வுட் போட்டுக் காட்டியது ஒரு வேகமான ரிதம் அண்ட் புளூஸ் தட்டு. தட்டு தவறான வேகத்தில் ஓடுகிறதோ என்று தனக்குச் சந்தேகம் வந்ததாக பூன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அப்படியானால் கறுப்பினப் பாடகர்களின் பாடல்களைத் திருடினார் என்பது உண்மையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது.

சட்டப்படி திருட்டு இல்லை. 1909ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். பாட்டின் உரிமையாளருக்குத் தட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் கொடுத்தால் போதும். பாட்டைப் படைத்தவருக்கு அதில் பங்கு உண்டு. முதலில் பாடியவருக்கு? ஒரு காசும் இல்லை. அவர் போட்ட ராகச் சுழிப்பு, வாத்திய அமைப்பு எதற்கும் பாதுகாப்பு கிடையாது. தன் பாட்டை அப்படியே நகலெடுத்ததைப் பார்த்துப் பொறுக்காமல் லவெர்ன் பேக்கர் என்ற பாடகி 1955இல் சார்ல்ஸ் டிக்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினருக்கே கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. (அவர் பாட்டை நகலெடுத்தது பூன் அல்ல, ஜார்ஜியா கிப்ஸ். ஆனால் வியாபாரம் ஒன்றுதான்.)

இப்போது இரண்டு கறுப்பினப் பாடகர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபாட்ஸ் டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' 1955இல் வந்தது. ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் பத்தாவது இடம். அதே பாட்டைப் பூன் பாடினார், பொதுப் பட்டியலில் முதலிடம். ஆனால் டாமினோ அந்தப் பாட்டை டேவ் பார்த்தலோமியூவோடு சேர்ந்து எழுதியவர். பூன் விற்ற ஒவ்வொரு தட்டிலும் எழுதியவர்களுக்குப் பங்கு போனது. நியூ ஆர்லியன்ஸ் மேடை ஒன்றில் டாமினோ தன் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டி, இந்த மனிதர் பாடிய பாட்டுதான் எனக்கு இதை வாங்கிக் கொடுத்தது என்று சொன்னதாக பூன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

லிட்டில் ரிச்சர்ட் கதை வேறு. 'டுட்டி ஃப்ரூட்டி' பாட்டின் உரிமையை அவர் கம்பெனிக்குச் சொற்பத் தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனவே பூன் எத்தனை தட்டு விற்றாலும் ரிச்சர்டுக்கு வந்தது கொஞ்சம்தான். அவர் தட்டு 17ஆம் இடம் வரை போனது, பூன் தட்டு 12ஆம் இடத்தைப் பிடித்தது. வெள்ளையினப் பிள்ளைகள் பூன் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு என் தட்டை டிராயருக்குள் ஒளித்துவைத்தார்கள் என்ற பொருளில் ரிச்சர்ட் பலமுறை பேசியிருக்கிறார். அடுத்த பாட்டான 'லாங் டால் சாலி'யைப் பூனின் வாய் ஓடமுடியாத வேகத்தில் வைக்க வேண்டும் என்று திட்டமிட்டே பாடினார்களாம். பூன் அதையும் பாடினார். ஆனால் இந்த முறை ரிச்சர்ட் முந்திவிட்டார்.

என் கருத்து: பூன் என்ற தனிமனிதரைவிட, ஒரே பாட்டுக்கு இரண்டு கடைவாசல் வைத்திருந்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும். கறுப்பினப் பாடகரின் தட்டைப் போடாத வானொலி நிலையங்கள் இருந்தன. அந்தச் சுவர் அங்கே இருந்ததால்தான் பூனுக்கு வேலை. அதே சமயம், தாங்கள்தான் ராக் அண்ட் ரோலுக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்று அவர் தரப்பு சொல்லும்போது கொஞ்சம் அதிகமாகவே மார்தட்டிக்கொள்கிறார்கள். இரண்டு 'டுட்டி ஃப்ரூட்டி'யையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ரிச்சர்டின் பதிவுக்காகவே ஒருமுறை சுத்தப்படுத்தப்பட்ட வரிகளை, பூனுக்காக மறுபடியும் சலவை செய்திருப்பார்கள். மிச்சம் இருப்பது ஒரு கல்லூரிப் பையன் கைதட்டிக்கொண்டு பாடும் பாட்டு.

'எய்ன்ட்' என்று பாட மறுத்தாராமே?

மறுக்கவில்லை, தயங்கினார். அப்போது அவர் கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார், 'எய்ன்ட்' கொச்சை வழக்கு. 'இஸ்ன்ட் தட் எ ஷேம்' என்று இலக்கண சுத்தமாகப் பாடிப் பார்த்தார். வாயில் நிற்கவில்லை, விட்டுவிட்டார்.

படிப்பை முடித்தாரா, அல்லது அதுவும் விளம்பரமா?

முடித்தார். நாஷ்வில்லில் தொடங்கி, டெக்சாஸில் தொடர்ந்த படிப்பு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1958இல் சிறப்புத் தகுதியோடு நிறைவுற்றது. அதற்குள் பல பாடல்கள் முதலிடம் பிடித்திருந்தன, படங்கள் வெளிவந்திருந்தன, வாராவாரம் தொலைக்காட்சி, வீட்டில் குழந்தைகள். பட்டமளிப்பு அங்கியோடு பத்திரிகை அட்டையிலும் வந்தார். விளம்பரமாகவும் பயன்பட்டது என்பது சரிதான். ஆனால் தேர்வை எழுதியவர் அவரே. அந்த வயதில் அந்தப் புகழோடு கல்லூரி பெஞ்சில் போய் உட்கார்ந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெள்ளை ஷூ கதை என்ன?

மெத்தென்ற வெள்ளைத் தோல், செங்கல் நிற ரப்பர் அடி. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் போட்ட 'பக்' ஷூ. அழுக்குப் பட்டால் வெள்ளைப் பொடி நிரப்பிய சின்னப் பையால் தட்டித் தட்டி மறைப்பார்கள். பூன் அதைப் போட்டுக்கொண்டே மேடையேற, அது அவர் முத்திரையாகிவிட்டது. எல்விஸுக்கு இடுப்பு, இவருக்குக் காலணி.

எல்விஸும் இவரும் எதிரிகளா?

பத்திரிகைகளுக்கு அப்படி எழுத வசதியாக இருந்தது. நேரில் நட்பாகவே இருந்தார்கள். 1955 அக்டோபரில் கிளீவ்லாந்து பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்த நிகழ்ச்சிக்குப் பூன் பெரிய பெயர். தெற்கு மாநிலங்களுக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாத எல்விஸ் அவருக்கு முன்னால் பாடினார். சில மாதங்களில் கணக்குத் தலைகீழானது.

இன்னொரு வேடிக்கை. 1963இல் எல்விஸ் பாடல்களை மட்டும் பாடி பூன் ஓர் ஆல்பம் போட்டார். எல்விஸின் மேலாளர் கர்னல் பார்க்கர், பெயரைப் போட்டால் அதற்கும் பணம் வேண்டும் என்றார். பூன் பெயரையே போடவில்லை. 'யார் என்று கண்டுபிடியுங்கள்' என்ற பொருளில் ஆல்பத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டார்!

அவ்வளவு பெரிய பாடகரா?

1955 கோடை தொடங்கி 220 வாரங்கள் இடைவிடாமல் அவருடைய ஏதாவதொரு பாட்டு பில்போர்டு இதழின் பாடல் தரவரிசைப் பட்டியலில் இருந்தது. நான்கு வருஷத்துக்கு மேல். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் அவருக்கு மேலே எல்விஸ் மட்டும்தான். 'ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் மை மைண்ட்', 'டோன்ட் ஃபர்பிட் மீ', 'லவ் லெட்டர்ஸ் இன் தி சாண்ட்', 'ஏப்ரல் லவ்', 'மூடி ரிவர்' எல்லாம் முதலிடம் தொட்டவை.

சினிமாவுக்கு ஏன் போனார்?

போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். தொலைக்காட்சி வந்து தியேட்டர் கூட்டம் குறைந்த காலம். வீட்டில் உட்கார்ந்த பெற்றோரை விட்டுவிட்டு, இளசுகளை இழுக்க ஸ்டூடியோக்கள் பாடகர்களைத் தேடின. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பூனோடு ஒப்பந்தம் போட்டது. 1957இல் 'பெர்னார்டீன்', அதே ஆண்டில் 'ஏப்ரல் லவ்'. இரண்டுக்கும் இயக்குநர் ஹென்றி லெவின். கணக்கு எளிது: படம் பாட்டை விற்கும், பாட்டு படத்தை விற்கும். 'லவ் லெட்டர்ஸ் இன் தி சாண்ட்' 1931இல் வந்த பழைய பாட்டு. 'பெர்னார்டீன்' படத்தில் பூன் குரலில் வந்து, மாதக்கணக்கில் பட்டியலை விட்டு இறங்கவே இல்லை. 'ஏப்ரல் லவ்' பாட்டு ஆஸ்கார் பரிந்துரை வரை போனது.

முத்தமிட மறுத்த கதை நிஜமா?

நிஜம், ஆனால் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. 'ஏப்ரல் லவ்' படத்தில் ஜோடி ஷர்லி ஜோன்ஸ். அவருக்கும் அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு காட்சியில் இயக்குநர் முத்தமிடச் சொன்னதும் பூன் நின்றுவிட்டார். இதைப் பற்றி வீட்டில் மனைவியிடம் பேசவில்லையே என்றார். அவ்வளவுதான். மதக் கொள்கை, சபதம் என்றெல்லாம் எதுவும் இல்லை. ஆனால் செய்தி கசிந்து, 'முத்தமிட மாட்டேன் என்கிறார் பூன்' என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. எந்த விளம்பரக் கம்பெனியாலும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாத விளம்பரம் அது. அதுவே அப்புறம் கால்கட்டாகவும் ஆனது. மர்லின் மன்றோவோடு நடிக்கும் யோசனை வந்தபோது, வயதில் மூத்த பெண்ணோடு இளைஞன் உறவு வைக்கும் கதை என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் நடித்ததில் பார்க்க வேண்டிய படம் எது?

1959இல் வந்த 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்'. ஜூல் வெர்ன் நாவல். ஜேம்ஸ் மேசன் பேராசிரியர், பூன் அவருடைய எடின்பரோ மாணவன் அலெக், கூடவே ஆர்லீன் டால், ஐஸ்லாந்து ஆள் ஒருவர், கெர்ட்ரூட் என்ற வாத்து. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைகளில் சில காட்சிகள் எடுத்தார்கள். பெர்னார்ட் ஹெர்மனின் இசை பூமிக்கடியில் இருந்தே எழும்புவது போல அவ்வளவு கனம். மூன்று ஆஸ்கார் பரிந்துரைகள் வந்தன.

பூனுக்கு முதலில் இந்தப் படத்தில் ஆர்வம் இல்லை. பாட்டு இல்லாத விஞ்ஞானக் கதையில் தனக்கு என்ன வேலை என்று நினைத்தார். பாட்டு சேர்க்கிறோம், லாபத்தில் பங்கும் தருகிறோம் என்று இழுத்தார்கள். அவருடைய சொந்தக் கம்பெனியான கூகா மூகாவும் தயாரிப்பில் சேர்ந்துகொண்டது. ராபர்ட் பர்ன்ஸ் கவிதையை அவர் பாடும் காட்சி படத்தின் தொடக்கப் பகுதியில் வரும். கடைசியில் ஒரு காட்சி: எரிமலை துப்பி எறிந்த அலெக், கன்னியாஸ்திரீகள் இருக்கும் தோட்டத்தில் ஒரு மரத்தில் உடம்பில் துணியில்லாமல் சிக்கிக்கொள்கிறான். இறங்கி, கையில் அகப்பட்ட ஆட்டை இழுத்து மறைத்துக்கொள்கிறான். முத்தத்துக்கு மனைவியின் அனுமதி கேட்டவர் இந்தக் காட்சியில் நடித்திருக்கிறார் என்பதே தனிச் சிரிப்பு. நகைச்சுவை அவருக்கு நன்றாகவே வந்தது. அதை ஸ்டூடியோ கண்டுகொள்ளாதது வருத்தம்தான்.

அப்படியிருந்தும் ஏன் பெரிய நடிகராகவில்லை?

1962இல் வந்த 'ஸ்டேட் ஃபேர்' படத்தைப் பாருங்கள். அதில் பூனும் பாபி டாரினும் சேர்ந்து நடித்தார்கள். இருவருமே பாடகர்கள். அடுத்த ஆண்டே டாரின் 'கேப்டன் நியூமன், எம்.டி.' படத்தில் மனம் உடைந்த போர்வீரனாக வந்து ஆஸ்கார் பரிந்துரை வாங்கினார். அழுக்கான, உடைந்த, பாவம் செய்த மனிதனாக நடிக்க டாரினுக்குத் தயக்கமில்லை. பார்க்கிறவர்களுக்கும் அதிர்ச்சியில்லை.

பூனும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 'தி மெயின் அட்ராக்ஷன்' படத்தில் சர்க்கஸ் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் நாடோடியாக நடித்தார். 'தி யெல்லோ கேனரி'யில், ராட் செர்லிங் எழுதிய திரைக்கதை, குழந்தை கடத்தப்பட்ட ஒரு திமிர்பிடித்த பாடகர் வேஷம். இரண்டும் எடுபடவில்லை. அவர் பெயரை நம்பி வந்த கூட்டத்துக்கு அந்த ஆள் வேண்டாம். அந்த மாதிரி ஆளைப் பார்க்க விரும்பியவர்கள் பூன் படத்துக்கு வரவே மாட்டார்கள். 1958இலேயே பதின்ம வயதினருக்கு அறிவுரைப் புத்தகம் எழுதி அது விற்பனையில் சக்கைப்போடு போட்டிருக்க, நான்கு வருஷம் கழித்து 'நான் கெட்டவன்' என்றால் யார் நம்புவார்கள்? 1965இல் இயேசு கதையைச் சொல்லும் 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' படத்தில் கல்லறையருகே நிற்கும் தேவதூதர் வேஷம் கிடைத்தது. அதைவிடப் பொருத்தமான வேஷம் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

1964க்குப் பிறகு என்ன செய்தார்?

பீட்டில்ஸ் வந்ததும் இந்தத் தலைமுறைப் பாடகர்கள் பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டார்கள், பூனும்தான். 1967இல் ஓக்லண்ட் ஓக்ஸ் என்ற கூடைப்பந்து அணியில் பணம் போட்டார். 1969இல் அணி ஏ.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக்கின் கோப்பையை வென்றது, ஆனால் கையைக் கடித்ததால் விற்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் குடும்பத்திலும் நெருக்கடி. அதன்பின் முழுமையாகக் கிறிஸ்தவ இசைப் பக்கம் திரும்பினார். 1970இல் 'தி கிராஸ் அண்ட் தி ஸ்விட்ச்பிளேட்' படத்தில் நியூயார்க் ரௌடிக் கும்பல்களிடையே வேலை செய்த போதகர் டேவிட் வில்கர்சனாக நடித்தார். இந்தப் படத்தில் அவர் நன்றாகவே இருக்கிறார், ஏனென்றால் வேஷமும் ஆளும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. 70களின் நடுவில், கறுப்பின இசையின் கோட்டையான மோட்டவுன் கம்பெனியின் நாட்டுப்புற இசைப் பிரிவுக்காகவும் பாடினார். 1955ஐ நினைத்துக்கொண்டால் விசித்திரமான திருப்பம்.

டெபி பூன் இவர் மகளா?

ஆமாம், நான்கு மகள்களில் மூன்றாமவர். 1977இல் அவர் பாடிய 'யூ லைட் அப் மை லைஃப்' பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்பாவின் எந்தப் பாட்டும் அவ்வளவு நாள் அந்த இடத்தில் நின்றதில்லை. டெபி மணந்த கேப்ரியல் ஃபெரரின் அப்பா ஹோசே ஃபெரர். 'ஸ்டேட் ஃபேர்' படத்தில் பூனை இயக்கியவர் அவரேதான். இயக்குநர் சம்பந்தியானார்.

தோல் ஜாக்கெட் போட்டு ஹெவி மெட்டல் பாடினாரா?

1997இல். ஹெவி மெட்டல் பாடல்களைப் பெரிய ஜாஸ் வாத்தியக் குழுவோடு பாடி 'இன் எ மெட்டல் மூட்' என்று ஆல்பம் வெளியிட்டார். அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடைக்கு ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருடன் வந்தார்: தோல் உடை, கழுத்தில் பட்டி, ஒட்டிக்கொள்ளும் பச்சை குத்தல். வேடிக்கைக்காகச் செய்தது. ஆனால் அவர் நிகழ்ச்சி நடத்திவந்த கிறிஸ்தவத் தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. நேரில் போய் விளக்கம் சொன்ன பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அறுபது தாண்டிய மனிதர் ஒரு நாள் வேஷம் போட்டதற்கே இந்தப் பாடு என்றால், 1962இல் அவர் எந்த அளவு கட்டுண்டிருந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

'தி ஆஸ்போர்ன்ஸ்' தொடரின் தலைப்புப் பாடல் இவர் பாடியதா?

இல்லை. அவர் பாணியில் வேறொருவர் பாடியது. ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் குடும்பத்தைக் காட்டிய தொடர் அது, தலைப்புப் பாடல் ஆஸியின் 'கிரேஸி டிரெய்ன்'. அதே பாட்டைப் பூன் 1997 ஆல்பத்தில் பாடியிருந்ததால் வந்த குழப்பம். பூனும் ஆஸியும் பெவர்லி ஹில்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தது மட்டும் உண்மை.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

ராக் பாடல்களில் தொடங்காதீர்கள், வெறுத்துவிடும். 'லவ் லெட்டர்ஸ் இன் தி சாண்ட்' முதலில், நடுவில் வரும் சீட்டியோடு சேர்த்து. அப்புறம் 'மூடி ரிவர்'. காதலி ஆற்றில் உயிரை விட்ட கதையை அவ்வளவு சாந்தமான குரலில் பாடும்போது, இந்த மனிதருக்குள் கொஞ்சம் இருட்டும் இருந்திருக்கிறதே என்று தோன்றும். 1962இன் 'ஸ்பீடி கொன்சாலஸ்' ஜாலியான பாட்டு, கார்ட்டூன் குரல் மெல் பிளாங்க் உடையது. ஆனால் மெக்சிகோக்காரர்களைக் கிண்டலடிக்கும் வரிகள் இன்று நெளியவைக்கும். 'எய்ன்ட் தட் எ ஷேம்' கேட்டே ஆக வேண்டும் என்றால், டாமினோ தட்டை முதலில் போடுங்கள்.